சிங்கக்குட்டிக்குப் பால் கொடுக்கத் தென்னாப்பிரிக்கா போகலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். கேட்டவர் விலங்கியல் இளநிலை முடித்த 23 வயதுப் பெண். வனவிலங்குப் பாதுகாப்பில் வேலை செய்ய ஆசை. தென்னாப்பிரிக்காவில் ஒரு பண்ணையில் தாயை இழந்த சிங்கக்குட்டிகளுக்குப் புட்டிப்பால் கொடுத்து வளர்க்கும் இரண்டு வாரத் தன்னார்வத் திட்டம் ஒன்று ஒரு ஏஜென்சி மூலம் கிடைத்திருக்கிறது. கட்டணம் அதிகம், ஆனாலும் வீட்டில் சம்மதித்துவிட்டார்கள். போகலாமா, பிற்பாடு வேலைக்கு இது உதவுமா, இல்லையென்றால் வேறு எங்கே போவது என்று கேட்கிறார்.

பணம் இன்னும் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தாலும் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் இதே திட்டம் நாளைக்குச் சிறுத்தைக்குட்டி என்றோ குரங்குக்குட்டி என்றோ வேறு உருவில் உங்களிடம் வரும். அதனால் அந்தப் பண்ணைகள் எப்படி நடக்கின்றன என்பதை முதலில் சொல்கிறேன்.

காட்டில் ஒரு பெண் சிங்கம் ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் ஈனும். குட்டிகள் ஆறேழு மாதம் வரை பால் குடிக்கும். வேட்டை பழகுவதற்காக அதற்குப் பிறகும் நெடுநாள் தாயோடு திரியும். அந்தக் காலத்தில் தாய் அடுத்த சினைக்குத் தயாராகாது. குட்டிகளைப் பிறந்த சில நாட்களிலேயே எடுத்துவிட்டால் அது சீக்கிரம் மறுபடி இணைசேர்ந்துவிடும். பண்ணைக்காரர்களுக்கு வேண்டியது இதுதான். குட்டியை எடுத்தால் அடுத்த ஈற்று முன்னதாகவே வருகிறது. எடுத்த குட்டிக்குப் பால் கொடுக்க ஆள் வேண்டும், அந்த ஆளே காசு கொடுத்து விமானம் ஏறி வருகிறார்.

"தாயை இழந்த குட்டி" என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சிங்கக் கூட்டத்தில் பெண் சிங்கங்கள் ஒன்றின் குட்டிக்கு இன்னொன்று பால் கொடுப்பது வழக்கம். தாய் செத்துப்போனாலும் குட்டிக்குக் கூட்டத்தில் ஒரு வழி இருக்கும். அப்படி இருக்கும்போது, வருடம் முழுக்க மாறிமாறி வரும் தன்னார்வலர் குழுக்கள் எல்லோருக்கும் போதுமான அநாதைக் குட்டிகள் ஒரே பண்ணைக்கு எங்கிருந்து வரும்? அவை அந்தப் பண்ணையிலேயே பிறந்து, பின்பக்கக் கூண்டில் உயிரோடு இருக்கும் தாயிடமிருந்து எடுக்கப்பட்டவை.

குட்டி நான்கைந்து மாதம் வரைதான் மடியில் அடங்கும். அப்புறம் அதைச் சுற்றுலாப் பயணிகளோடு நடக்க விடுவார்கள். ஒன்றரை வயது தாண்டினால் அதற்கும் லாயக்கில்லை. ஆண் சிங்கம் என்றால் பிடரி வளரும்வரை வைத்திருந்து, வேலியடைத்த நிலத்துக்குள் வேட்டைக்கு விற்பார்கள். அது மனிதர் கையில் பால் குடித்து வளர்ந்தது, மனிதரைக் கண்டால் ஓட அதற்குத் தெரியாது. பெண் என்றால் ஈற்றுக் கூண்டுக்குப் போகும், அல்லது எலும்புக்குப் போகும். ஆசியாவில் புலி எலும்புக்கு இருக்கும் கிராக்கி சிங்க எலும்பின் மேல் திரும்பியிருக்கிறது. 2017-இல் தென்னாப்பிரிக்க அரசே 800 சிங்க எலும்புக்கூடுகளை ஏற்றுமதி செய்ய அனுமதி கொடுத்தது. 2018-க்கு அதை 1,500 ஆக உயர்த்தியது. அடைத்து வைக்கப்பட்ட சிங்கங்களின் நலனைக் கணக்கில் எடுக்காமல் அளவு நிர்ணயித்தது சட்டத்துக்குப் புறம்பானது என்று 2019-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்நாட்டில் இப்படி அடைபட்டுக் கிடக்கும் சிங்கங்கள் சுமார் 8,000 என்று மதிப்பிடுகிறார்கள். காட்டில் இருப்பதைவிட இது அதிகம்.

2021 மே மாதம், அரசு அமைத்த உயர்நிலைக் குழுவின் அறிக்கையை அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் பார்பரா கிரீசி வெளியிட்டார். சிங்கத்தை அடைத்து இனப்பெருக்கம் செய்யும் தொழிலை நிறுத்த வேண்டும், குட்டிகளைத் தொட்டுக் கொஞ்சும் வியாபாரத்தையும் நிறுத்த வேண்டும் என்பது அதன் பரிந்துரை. கொள்கை அளவில் அரசு அதை ஏற்றுக்கொண்டும் விட்டது. ஆனால் 8,000 சிங்கங்களை ஒரே நாளில் எங்கே கொண்டுபோய் வைப்பது? பண்ணைகள் இன்னும் இருக்கின்றன. அதனால்தான் உங்களுக்கும் அந்த விளம்பரம் வந்திருக்கிறது.

"நான் வளர்க்கும் குட்டி என்றைக்காவது காட்டுக்குப் போகும்தானே?" என்று நீங்கள் நினைத்திருக்கக் கூடும். போகாது. ஆள்மேல் பயமில்லாத சிங்கத்தைக் காட்டில் விட்டால் அது பக்கத்துக் கிராமத்தைத் தேடி வரும். அதோடு, காட்டுச் சிங்கத்துக்கு இன்று குட்டிப் பஞ்சம் எதுவும் இல்லை. இடம் சுருங்குகிறது, இரை குறைகிறது, கண்ணி வைக்கிறார்கள், மாடு மேய்ப்பவர்களோடு மோதல் நடக்கிறது. புட்டிப்பாலால் தீரும் பிரச்சினை இவற்றில் ஒன்றுகூட இல்லை.

எந்த இடத்தைப் பற்றி விசாரித்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இந்த விலங்கு இங்கே எப்படி வந்தது, இங்கிருந்து எங்கே போகும்? இரண்டுக்கும் தெளிவான, சரிபார்க்கக்கூடிய பதில் இருந்தால்தான் மற்றதைப் பேச வேண்டும். விலங்கைத் தொட விடுகிறார்களா, தங்குமிடம் எப்படி, சாப்பாடு எப்படி என்பதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

அந்த இரண்டு கேள்விக்கும் நேரான பதில் கிடைக்கும் இடம் அதே நாட்டிலேயே இருக்கிறது. கேப்டவுனில் உள்ள சான்காப் என்ற கடற்பறவை மறுவாழ்வு மையம் அது. 1968-இல் தொடங்கியது. அங்கே அதிகம் வருபவை ஆப்பிரிக்கப் பென்குயின்கள். இந்தப் பென்குயின் உலகிலேயே நமீபியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் மட்டும்தான் குஞ்சு பொரிக்கிறது. சாப்பாடு நமக்குத் தெரிந்ததுதான், மத்தியும் நெத்திலியும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாசன் தீவு ஒன்றில் மட்டுமே சுமார் 15 லட்சம் பறவைகள் இருந்ததாக மதிப்பீடு. இன்றைக்கு எல்லா இடத்தையும் கூட்டினாலும் 10,000 ஜோடிகூடத் தேறாது. 2024 அக்டோபரில் இதை மிக அருகிய இனம் என்ற பட்டியலுக்கு மாற்றினார்கள். அழிவுக்கு முந்தைய கடைசிப் படிகளில் ஒன்று அது.

ஏன் இப்படி ஆனது? முதலில் முட்டைகளை லட்சக்கணக்கில் எடுத்துச் சாப்பிட்டார்கள். அப்புறம் பென்குயின்கள் பொந்து தோண்டி முட்டையிடும் பறவை எச்சப் படிவத்தை உரத்துக்காகச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். பொந்து இல்லாமல் திறந்த வெயிலில் கூடு கட்ட வேண்டியதாயிற்று. வெயில் தாங்காமல் தாய் எழுந்து போனால் கடற்காகம் முட்டையைத் தூக்கிக்கொள்ளும். இப்போது பெரிய அடி மீன் பற்றாக்குறை. பென்குயின் உண்ணும் அதே மத்தியையும் நெத்திலியையும் சுருக்குவலைப் படகுகளும் பிடிக்கின்றன. கடலின் வெப்பநிலை மாற மாற மீன்கூட்டமும் கூடுகளை விட்டு விலகிப் போகிறது. இந்த மையமும் பறவைகள் பாதுகாப்பு அமைப்பு ஒன்றும் சேர்ந்து வழக்குப் போட்டு, 2025 மார்ச்சில் ஆறு பென்குயின் குடியிருப்புகளைச் சுற்றிப் பத்து வருடத்துக்கு அந்த மீன்பிடிப்பு கூடாது என்ற நீதிமன்ற உத்தரவை வாங்கின. ஒரு மறுவாழ்வு மையம் கூண்டுக்குள் இருக்கும் பறவையோடு நிற்காமல் கடலுக்காகவும் வழக்காடுகிறது. இடம் தேடும்போது இப்படிப்பட்ட வேலை நடக்கிறதா என்று பாருங்கள்.

தன்னார்வலர் என்றால் யார் என்று அந்த ஊர் காட்டிய வருடம் 2000. ஜூன் 23 அன்று டிரெஷர் என்ற சரக்குக் கப்பல் ராபன் தீவுக்கும் தாசன் தீவுக்கும் இடையே மூழ்கி எண்ணெய் கசிந்தது. அந்த இனத்தின் இரண்டு பெரிய குடியிருப்புகள் அந்தத் தீவுகள். எண்ணெய் படிந்த சுமார் 19,000 பென்குயின்களைப் பிடித்து ஒரு பழைய ரயில்வே கிடங்கில் வைத்தார்கள். எண்ணெய் படாத இன்னும் 19,500 பறவைகளைப் பெட்டிகளில் ஏற்றிப் போர்ட் எலிசபெத் பக்கம் கொண்டுபோய்க் கடலில் விட்டார்கள். அவை நீந்தி வீடு வந்துசேர இரண்டு மூன்று வாரமாகும், அதற்குள் எண்ணெயை அகற்றிவிடலாம் என்பது திட்டம். அப்படியே நடந்தது. பீட்டர், பமீலா, பெர்சி என்று பெயரிட்டு, முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்திய மூன்று பென்குயின்கள் நீந்தி வருவதை நாடே பார்த்துக்கொண்டிருந்தது. கிடங்கில் இருந்தவற்றில் பத்தில் ஒன்பது பிழைத்துக் கடலுக்குத் திரும்பின. பாத்திரம் கழுவும் திரவத்தால் ஒவ்வொன்றாகக் கழுவி, மீனை வாயில் வைத்து ஊட்டி, பல வாரங்கள் நின்றவர்கள் ஆயிரக்கணக்கான சாதாரண மனிதர்கள். இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

கப்பல் மூழ்காத வருடங்களிலும் வேலைக்குக் குறைவில்லை. பென்குயின் வருடத்துக்கு ஒருமுறை எல்லா இறகையும் மொத்தமாக உதிர்க்கும். புது இறகு வரும்வரை ஏறக்குறைய மூன்று வாரம் தண்ணீரில் இறங்க முடியாது, எனவே மீன் பிடிக்கவும் முடியாது. கூட்டில் இன்னும் வளராத குஞ்சு இருக்கும்போதே பெற்றோருக்கு இறகு உதிரத் தொடங்கிவிட்டால் குஞ்சு பட்டினிதான். வருடக் கடைசி மாதங்களில் இப்படிக் கைவிடப்பட்ட குஞ்சுகளைத் தீவுக் காவலர்கள் எடை பார்த்துப் பெட்டியில் அனுப்புவார்கள். 2006 முதல் இதை ஒரு திட்டமாகவே செய்கிறார்கள். இங்கேயும் கையால் ஊட்டுகிறோம், சிங்கப் பண்ணையிலும் கையால்தான் ஊட்டுகிறார்கள். ஆனால் இந்தக் குஞ்சு எடை ஏறி, இறகில் தண்ணீர் ஒட்டாத பதம் வந்ததும் அடையாளச் சிப் பொருத்திக் கடலுக்குப் போய்விடும். கையில் வளர்ந்தவை கூட்டில் வளர்ந்தவற்றைப் போலவே பிழைக்கின்றன, பிற்பாடு தாங்களும் குஞ்சு பொரிக்கின்றன என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

சரி, அங்கே போனால் என்ன வேலை? பெரும்பகுதி கழுவுவதுதான். ரப்பர் பாய்களைத் தேய்க்க வேண்டும், தொட்டியைத் தேய்க்க வேண்டும், மலைபோலக் குவியும் துண்டுகளைத் துவைக்க வேண்டும், மீனை உறைநிலையிலிருந்து எடுத்து எண்ணி வைக்க வேண்டும். உறைந்த மீனில் பி1 வைட்டமின் குறைந்துவிடும் என்பதால் அதற்கான மாத்திரையைச் சேர்க்க வேண்டும். குஞ்சுகளுக்கு மீன் கூழ் அரைத்து, குழாய் வழியாக இரைப்பைக்குள் செலுத்த வேண்டும். குழாய் தவறி மூச்சுக்குழலில் போனால் குஞ்சு செத்துவிடும், அதனால் அதைச் சொல்லித் தந்து பார்த்த பிறகுதான் கையில் தருவார்கள். பெரிய பறவைக்கு மீனைத் தலைப்பக்கமாக வாயில் வைத்துத் தள்ள வேண்டும். வால்பக்கமாகக் கொடுத்தால் செதிலும் முள்ளும் தொண்டையில் குத்தும். பென்குயினின் அலகு கத்தி மாதிரி. கையுறைக்கு மேலும் கடி விழும், தழும்பு மிஞ்சும். செல்லம் கொஞ்சக் கூடாது, தேவையில்லாமல் பறவையின் முன்னால் பேசக்கூடக் கூடாது. அது நம்மை வெறுப்பதே நல்லது. அந்த வெறுப்போடு கடலுக்குப் போகட்டும்.

சைவ வீட்டிலிருந்து வருபவர்கள் இதைப் போகும் முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். நாள் முழுக்க மீனில்தான் கை இருக்கும், தலைமுடி வரை வாடை ஏறும். அங்கே போனபின் முடியவில்லை என்று ஒதுங்கினால் அந்த வேலை இன்னொருவர் தலையில் விழும்.

குறைந்தது ஆறு வாரம் தங்குபவர்களைத்தான் இந்த மையம் வெளிநாட்டிலிருந்து எடுத்து வந்திருக்கிறது. இரண்டு வாரம் வேலை பழகவே போய்விடும், பழகிய பிறகுதான் அவர்களுக்கு உங்களால் பயன். குறுகிய காலம் போதும், அனுபவம் தேவையில்லை, வயது வரம்பில்லை, முதல் நாளே விலங்கைத் தூக்கலாம் என்று சொல்லும் இடம் உங்கள் உழைப்பை எதிர்பார்க்கவில்லை, கட்டணத்தைத்தான் எதிர்பார்க்கிறது.

குரங்கு, மனிதக்குரங்கு மையங்களில் இது இன்னும் கூர்மையான பிரச்சினை. நமக்குச் சாதாரணச் சளியாக இருக்கும் கிருமி சிம்பன்ஸிக் கூட்டத்தில் உயிரைக் குடித்திருக்கிறது. காசநோயும் அப்படித்தான். மக்காக் குரங்கிலிருந்து நமக்கு வரும் பி வைரஸ் அபூர்வம், ஆனால் வந்தால் மூளையைத் தாக்கும். பொறுப்பான மையங்களில் காசநோய்ப் பரிசோதனைச் சான்றில்லாமல் உள்ளே விடமாட்டார்கள், முகக்கவசமும் தூரமும் கட்டாயம். உடம்பைவிட மனசுக்கு ஆகும் கேடு பெரிது. தாயை இழந்த குரங்குக்குட்டி யாரையாவது இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்த ஆள் இரண்டு வாரத்தில் கிளம்பிவிடுவார், அடுத்தவர் வருவார், அவரும் கிளம்புவார். ஒவ்வொரு முறையும் அந்தக் குட்டி தாயை இழக்கிறது. நிரந்தரப் பணியாளர்களை மட்டும் குட்டிகளிடம் விட்டு, தன்னார்வலர்களுக்குச் சமையலறையையும் தோட்டத்தையும் கொடுக்கும் மையம் கிடைத்தால் தைரியமாகப் போங்கள்.

யானையைக் குளிப்பாட்டும் திட்டங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2025 ஜனவரியில் தாய்லாந்தில் யானையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஸ்பெயின் நாட்டு இளம்பெண் ஒருவர் அந்த யானை குத்தி இறந்துபோனார். குளிக்க யானைக்கு நம் உதவி வேண்டியதே இல்லை.

செலவு குறைவு என்பதால் நம்மில் பலர் பார்ப்பது இலங்கை. அங்கே தெற்கு, தென்மேற்குக் கரையில் ஆமைக் குஞ்சு பொரிப்பகங்கள் நிறைய இருக்கின்றன, தன்னார்வலர்களையும் எடுக்கிறார்கள். பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை என்று ஐந்து இனங்களும் முட்டையிடும் அபூர்வமான கரை அது. ஒரு விஷயத்தைக் கேட்டுவிட்டுப் போங்கள்: குஞ்சு பொரித்தால் எப்போது கடலில் விடுவீர்கள்? "அன்றிரவே" என்றால் சரி. முட்டையை விட்டு வெளிவந்த ஆமைக்குஞ்சின் உடம்பில் மஞ்சள்கருவின் மிச்சம் இருக்கும். அந்தச் சக்தியில்தான் முதல் ஒரு நாள் நிற்காமல் நீந்தி, கரையோர மீன்களிடமிருந்து தப்பி ஆழ்கடலுக்குப் போகும். அந்த வேகத்தைச் சிமெண்டுத் தொட்டிக்குள் சுற்றிச்சுற்றி நீந்திச் செலவழித்துவிட்டால் கடலில் விடும்போது அது களைத்திருக்கும். சாயங்காலம் வெளிநாட்டவர்கள் வந்து காசு கொடுத்து ஆளுக்கொரு குஞ்சாக விடுவதற்காக நாள்கணக்கில் தொட்டியில் வைத்திருக்கும் இடங்கள் இருக்கின்றன. அங்கே போகாதீர்கள்.

விலங்கைத் தொடாத தன்னார்வ வேலையும் உண்டு, எண்ணுவதும் அளப்பதும் குறித்து வைப்பதும். உங்கள் படிப்புக்கு என் விருப்பம் இதுதான். கோஸ்டா ரிக்காவின் டோர்டுகுவெரோ கடற்கரையில் ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க விலங்கியலாளர் 1950களில் பேராமைகளுக்கு அடையாளத் தகடு பொருத்தத் தொடங்கினார். அவருடைய வேலையிலிருந்து 1959-இல் உருவான அமைப்பு இன்றும் அதைத் தொடர்கிறது. இரவு முழுக்க மணலில் நடை, சிவப்பு விளக்கு மட்டும், ஆமை முட்டையிடத் தொடங்கியபின் பின்னால் படுத்து விழும் முட்டைகளை எண்ண வேண்டும். ஒரு கூட்டில் நூறு, நூற்றுப்பத்து இருக்கும். மழையிலும் கொசுக்கடியிலும் ஒரே மாதிரி ஒழுங்காக எழுதினால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. ஒரு கரையில் ஆமை கூடுகிறதா குறைகிறதா என்பதைப் பல பத்தாண்டுகள் இப்படி எண்ணிய பிறகுதான் சொல்ல முடிகிறது.

கோஸ்டா ரிக்கா என்றதும் ஹைரோ மோராவையும் சொல்ல வேண்டும். ஏழுவரி ஆமைகளின் முட்டையைக் காத்துவந்த 26 வயது இளைஞர். 2013 மே 30 நள்ளிரவை ஒட்டி மோயின் கடற்கரையில் கடத்திக் கொல்லப்பட்டார். அன்றிரவு அவரோடு காவல் சுற்றிய நான்கு வெளிநாட்டுப் பெண் தன்னார்வலர்களையும் கடத்திக் கட்டிப்போட்டார்கள். அவர்கள் எப்படியோ தப்பினார்கள். முட்டைத் திருட்டும் போதைப்பொருள் கடத்தலும் ஒரே கரையில் நடந்துகொண்டிருந்தன. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இரவு வேலைக்கு யாரோடு அனுப்புவார்கள், காவல்துறையோடு தொடர்பு உண்டா, சமீபத்தில் அங்கே மிரட்டல் ஏதும் வந்ததா என்று எழுதிக் கேளுங்கள். உங்கள் பெற்றோருக்கும் அந்தப் பதில் வேண்டும். மழுப்பினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

கட்டணத்தைப் பற்றி. காசு வாங்குகிறார்கள் என்பதாலேயே ஓர் இடம் தவறாகிவிடாது. உங்களுக்குச் சோறு, படுக்கை, சொல்லித்தரும் ஆளின் நேரம் எல்லாவற்றுக்கும் செலவு இருக்கிறது. சான்காப்பிலும் வெளிநாட்டவர் கட்டணம் கட்டித்தான் வருகிறார்கள். எவ்வளவு மையத்துக்குப் போகிறது, எவ்வளவு இடைத்தரகருக்கு என்பதைத்தான் கேட்க வேண்டும். முடிந்தவரை ஏஜென்சியை விட்டுவிட்டு மையத்துக்கே நேராக எழுதுங்கள். ஆப்பிரிக்காவில் மனிதக்குரங்கு, குரங்கு மையம் என்றால் பான் ஆப்பிரிக்கச் சரணாலயக் கூட்டமைப்பில் உறுப்பினரா என்று பாருங்கள். மற்ற விலங்குகளுக்கு உலகச் சரணாலயக் கூட்டமைப்பின் சான்று இருக்கிறது. இவை இல்லாத நல்ல இடங்களும் உண்டு, ஆனால் சான்று பெற்ற மையத்தில் வியாபாரத்துக்காகக் குட்டி ஈன வைக்கமாட்டார்கள், பார்வையாளர் கையில் விலங்கைக் கொடுக்கமாட்டார்கள் என்று நம்பலாம்.

விசாவில் பலர் கவனக்குறைவாக இருக்கிறார்கள். "சுற்றுலா விசா போதும், யாரும் கேட்கமாட்டார்கள்" என்று ஏஜென்சி சொல்லும். விமான நிலையத்தில் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள், அவர்கள் அல்ல. தென்னாப்பிரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் தன்னார்வப் பணிக்கென்றே பார்வையாளர் விசாவில் ஒரு பிரிவு இருக்கிறது. மையம் தரும் கடிதத்தைக் காட்டி, நீங்கள் தங்கும் காலத்துக்கு அது பொருந்துமா என்று தூதரகத்தில் கேட்டு விண்ணப்பியுங்கள். அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் பறந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று தேவைப்படலாம், திரும்பி இந்தியாவுக்குள் வரும்போதும் கேட்பார்கள். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டால்தான் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். பாலூட்டிகளோடு வேலை என்றால் கடிபடும் முன்பே போடும் ரேபிஸ் தடுப்பூசி அவசியம். பறவை மையத்தில் பறவைக் காய்ச்சல் உண்மையான அபாயம். 2022-இல் கேப்டவுன் பக்கம் போல்டர்ஸ் கடற்கரைப் பென்குயின்களிடமே அது வந்தது. அதனால் கால் நனைக்கும் கிருமிநாசினித் தொட்டியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். பயணக் காப்பீட்டில் விலங்குகளைக் கையாளும் வேலையை விலக்கி வைத்திருக்கிறார்களா என்று முழுதாக வாசித்துப் பாருங்கள்.

இனி வேலைக்கு உதவுமா என்ற கேள்வி. சிங்கக்குட்டியோடு எடுத்த படம் உதவாது. இந்தத் துறையில் ஆளெடுப்பவர்களுக்கு அந்தப் பண்ணைகள் எவை என்று தெரியும், படம் உங்களுக்கு எதிராகவே வேலை செய்யும். ஆறு வாரம் பென்குயின் தொட்டி கழுவியதற்கு மையத்தின் பொறுப்பாளர் கைப்பட எழுதித் தரும் கடிதம் உதவும். ஆனால் அந்த வாய்ப்பு கிடைக்கவே உள்ளூர் அனுபவம் வேண்டும். அங்கேதான் நீங்கள் இப்போது தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சென்னையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை இரவு நடை நடந்து பங்குனி ஆமை முட்டைகளைக் காத்துவருகிறது. நடப்பவர்கள் எல்லாரும் தன்னார்வலர்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கும் மேல் ஆமைகள் செத்து ஒதுங்கியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள், இழுவை வலையில் சிக்கி மூச்சு முட்டி இறந்தவை. இந்த வேலை எவ்வளவு தேவை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். டோர்டுகுவெரோவில் செய்யும் அதே வேலையை உங்கள் ஊர்ப் பேருந்தில் போய்ச் செய்யலாம். ஊர்வன பிடிக்கும் என்றால் வடநெம்மேலியில் சென்னை முதலைப் பண்ணை, நாய் பூனை மருத்துவம் பழக வேண்டும் என்றால் கிண்டியில் புளூ கிராஸ். நீலகிரியில் நாய்களுக்குக் கருத்தடை செய்யவும் ரேபிஸ் தடுக்கவும் பயிற்சி தரும் ஒரு கால்நடை மையத்துக்கு பிரிட்டனிலிருந்து மருத்துவர்கள் செலவு செய்து வந்து கற்றுக்கொண்டு போகிறார்கள். நம் வாசலில் இருப்பதை அவர்கள் தேடி வருகிறார்கள்.

உங்களுக்கு ஒரு கால அட்டவணை சொல்கிறேன். ஆமைப் பருவம் ஜனவரியில் தொடங்கி ஏப்ரல் வரை போகும். அந்த மாதங்களில் சென்னைக் கரையில் விடாமல் நடங்கள், எழுதி வையுங்கள். ஏப்ரலில் அந்த அமைப்பில் மூத்தவர் ஒருவரிடம் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். அதையும் உங்கள் பட்டத்தையும் வைத்து, பென்குயின் குஞ்சுகள் வரும் அக்டோபர், நவம்பர் பருவத்துக்கு மையத்துக்கு நேரடியாக விண்ணப்பியுங்கள். அந்தப் பருவத்தில்தான் அவர்களுக்கு ஆள் அதிகம் தேவை, அதற்குப் போட்டியும் அதிகம், அதனால் மே மாதமே எழுதிவிடுங்கள். விசாவுக்கும் தடுப்பூசிக்கும் அதற்குப் பிறகு நேரம் இருக்கும். அப்பா தர இருக்கும் பணம் அதுவரை வங்கியிலேயே இருக்கட்டும்.